வெறும் சாயம்

என் தங்கைக்கு எல்லாமே சுலபமாக வரும். சிறு வயதில் சைக்கிள், பிறகு நீச்சல், அதற்குப் பிறகு பிள்ளை. நான் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு கற்றதையெல்லாம் அவள் பேசிக்கொண்டே கற்றாள். வீட்டில் அவளுக்குப் பெயர் ரேடியோ. அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ என்று அப்பா சொல்வார். இப்போது அவள் வயிற்றில் என் பிள்ளை இருக்கிறது. அதையும் பேசிக்கொண்டேதான் சுமக்கிறாள்.

எனக்குப் பொறாமை. இதற்குக் கௌரவமான பெயர் ஏதாவது வைக்க முடியுமா என்று என் கணவர் முயன்று பார்த்தார். களைப்பு என்றார், கவலை என்றார், ஹார்மோன் ஊசியின் வேலை என்றார். ஊசி போட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. பொறாமை என்றால் பொறாமைதான்.

அன்று ஸ்கேன் எடுக்கப் போயிருந்தோம். படுக்கையில் அவள், தலைமாட்டில் நான். திரை படுத்திருப்பவருக்குத் தெரியும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. என் பிள்ளையைப் பார்க்க நான் கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றேன். குளிர்ந்த களிம்பைத் தடவியபடி டாக்டர் அவளைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க," என்றார்.

"டாக்டர், அம்மா அங்க நிக்கறாங்க. நான் வெறும் ஓவன். மாவு அவங்களோடது," என்றாள் ரேடியோ.

டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், தங்கை தன் ஜோக்குக்குத் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தக் குலுக்கலில் திரையில் பிள்ளை கையைத் தூக்கி ஒரு துள்ளு துள்ளியது.

"பாருங்க, அம்மா சிரிச்சா அதுக்கும் குஷி," என்றார் டாக்டர். இந்த முறை அவரை யாரும் திருத்தவில்லை.

வெளியே வரும்போது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, எலுமிச்சம்பழத்தைக் கடிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கே?"

"கழுத்து வலிக்குது," என்றேன். அதுவும் உண்மைதான்.

என் கருப்பையில் ஒரு குறையும் கிடையாது. குறை இதயத்தில். பிறவியிலேயே ஒரு வால்வு சரியாக மூடாது. அதை வைத்துக்கொண்டு படிக்கலாம், வேலை பார்க்கலாம், மெதுவாக மாடி ஏறலாம். பிள்ளை மட்டும் சுமக்க முடியாது, இதயம் தாங்காது என்று பார்த்த டாக்டர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு நேராகத் தங்கையின் முடிவெட்டும் கடைக்குப் போனேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. அவள் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைப் போர்த்தி, கத்தரிக்கோலை எடுத்தாள். நான் சொல்லி முடித்ததும் வெட்டிக்கொண்டே சொன்னாள்:

"என்கிட்ட ஒண்ணு சும்மாதானே கிடக்குது. நீ வெச்சுக்கோயேன்."

"என்ன கிடக்குது?"

"கருப்பை."

பக்கத்து நாற்காலியில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். நான் அழ ஆரம்பித்தேன். தங்கை கைக்குக் கிடைத்த துண்டைக் கொடுத்தாள். அதில் யார் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது, கண்ணெல்லாம் அரித்தது. அவளுக்கு ஒரு பெண் குழந்தை உண்டு. கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுபவர். "அக்காவுக்குன்னா செய்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். கீழ்வீட்டில் அவர்கள், மேல்வீட்டில் நாங்கள். இதைவிட வசதி என்ன வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள்.

வசதிதான். ஆனால் என் வேலை எனக்குக் கெடுதல் செய்தது.

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கருப்பையின் உள்சுவரை ஆராய்கிறோம். அது சும்மா இருக்கிற சுவர் இல்லை. அதிலுள்ள சுரப்பிகள் ஒரு நீரைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அந்த நீரில் விதவிதமான புரதங்கள் உண்டு. சாதாரண மைக்ரோஸ்கோப்புக்கும் அகப்படாத குட்டிக் குட்டிப் பைகளும் உண்டு. செல் தன் தோலிலேயே ஒரு கிள்ளு கிள்ளி, உள்ளே புரதமும் மரபுச் செய்தியின் துணுக்குகளும் வைத்து மடித்து, வெளியே அனுப்புகிறது. கட்டுரைகளில் அதற்கு நீளமான பெயர் எழுதுவோம். எங்களுக்குள் பேசும்போது பொட்டலம்.

கரு வந்து சுவரில் ஒட்டுவதற்கு முன்பே, அந்த நீரில் மிதக்கும்போதே இந்தப் பொட்டலங்களை விழுங்குகிறது. விழுங்கிய பிறகு அதன் போக்கு மாறுகிறது. எங்கே ஒட்டுவது, எப்படி ஒட்டுவது, எந்த மரபணு விழித்துக்கொள்வது, எது தூங்குவது என்பதிலெல்லாம் அந்தப் பொட்டலங்கள் தலையிடுகின்றன. தாயின் ரத்தத்திலிருந்து ஒழுங்காகச் சத்து வந்து சேரும்வரை, ஆரம்ப வாரங்களில் கருப்பை சுரப்பதுதான் அதற்குச் சாப்பாடு. என் உரைகளின் முதல் படத்தில், 'கருப்பை வெறும் பை அல்ல' என்று பெரிய எழுத்தில் போடுவேன். கூட்டத்தில் கைதட்டுவார்கள்.

வீட்டில் என் கணவர் என்னைத் தேற்றுவதற்குச் சொல்வார்: "உன் தங்கச்சி வாடகை வீடு மாதிரி. குடியிருக்கறது நம்ம பிள்ளை. வீட்டைப் பார்த்தா குடியிருக்கறவனுக்கு ஜாடை வரும்?"

வரும். அதைத்தானே வருடக்கணக்காக நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வீடு குடிவந்தவனை வாசலிலேயே பிடித்து, வாயில் ஊட்டி, காதில் ஓதி, இப்படி இரு, அப்படி வளர் என்று சொல்லிக் கொடுக்கும் வீடு. முட்டை என்னுடையது, விந்தணு அவருடையது. முதல் கவளம் மட்டும் ரேடியோ ஊட்டியது. நான் ஊட்டவில்லை. இனி எந்தக் காலத்திலும் ஊட்டவும் முடியாது, அந்த வாரங்கள் போய்விட்டன.

ஒரு சாயங்காலம் தங்கை மேல்வீட்டுக்கு ஏறி வந்து சோபாவில் சாய்ந்துகொண்டாள். "அக்கா, இப்பல்லாம் அதுக்குக் காது கேக்குமாம். கடையில டிரையரைப் போட்டா போதும், உள்ள ஒரே ஆட்டம். வா, வந்து நீயும் பேசு."

நான் கைவேலையைப் போட்டுவிட்டு அவள் வயிற்றருகே குனிந்தேன். ஒரு வயிற்றிடம் என்ன பேசுவது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வணக்கம்."

"ஐயோ, இது என்ன மீட்டிங்காக்கா?" என்று அவள் வெடித்துச் சிரித்தாள். வயிறு அங்கும் இங்கும் அசைந்தது. அது சிரிப்பினால் அசைந்ததா, உள்ளிருந்து அசைந்ததா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு நிறையப் பேசினேன். அதற்கு வாங்கிவைத்திருக்கும் தொட்டிலைப் பற்றிச் சொன்னேன், அதன் அப்பா இருமுவதைப் பற்றிச் சொன்னேன், வெளியே மழை வரும்போல இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். ஓர் அசைவு இல்லை. எழுந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்.

"அக்கா! ஓடி வா, உதைக்குது!"

ஓடவில்லை. ஓடினாலும் நின்றுவிடும் என்று தெரியும். "உன் குரலைக் கேட்டா மரியாதையா அடங்கி இருக்குக்கா," என்று அங்கிருந்தே சமாதானம் சொன்னாள். சமாதானம் சொல்லும்போதும் அவள் குரலில் சந்தோஷம் வழிந்தது. எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

மறுநாள் ஆய்வுக்கூடத்து உறைபெட்டியைத் திறந்தேன். எங்கள் ஆராய்ச்சிக்குப் பெண்கள் தாமாக முன்வந்து மாதிரி கொடுப்பார்கள். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, கொஞ்சம் உப்புநீரைச் செலுத்தி, திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். கருவை வைப்பதற்கு முந்தைய மாதம் தங்கையும் வந்து கொடுத்துவிட்டுப் போனாள். அந்தச் சமயத்திலும் நர்ஸின் தலையில் பொடுகு இருக்கிறது என்று கண்டுபிடித்து வைத்தியம் சொன்னவள் அவள். குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நான். எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

யாரிடமும் சொல்லாமல் இரண்டையும் எடுத்தேன். செய்யப்போவது புதிதாக ஒன்றுமில்லை, எங்கள் கூடத்தில் தினமும் நடப்பதுதான். நீரை அதிவேகத்தில் சுழற்றினால் பொட்டலங்கள் அடியில் படியும். அவற்றுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, செல் உருண்டைகள் இருக்கும் குழிகளில் விட வேண்டும். கருவின் வெளியடுக்கில் இருப்பது போன்ற செல்களை வளர்த்து நாங்களே செய்த உருண்டைகள் அவை. உண்மையான கரு இல்லை, கருவுக்குப் பதிலாள். பொட்டலங்களை விழுங்கினால் உருண்டைக்குள் சிவப்பு தெரியும்.

முதலில் தங்கையினுடையதற்குச் சாயம் ஏற்றினேன். குப்பி தீர்ந்துபோயிற்று, அடியில் இருந்ததை வழித்து ஊற்றினேன். என்னுடையதற்குப் புதுக் குப்பியை உடைத்தேன். இதயம் தாறுமாறாக அடித்தது. நல்லவேளை, அன்று சந்தேகம் விடுப்பில் இருந்தார்.

சந்தேகம் என்பது என்னோடு வேலை பார்ப்பவர். காலை வணக்கம் சொன்னால்கூட ஆதாரம் கேட்பார் என்பதால் அந்தப் பெயர். கூடத்தில் யார் எந்தப் படத்தைக் காட்டினாலும், "வெறும் சாயம் எங்கே?" என்று அவர் கேட்பார். அவர் வாயைத் திறக்கும் முன்பே மற்றவர்கள் கோரஸாகச் சொல்லிவிடுவார்கள். அவர் இருந்திருந்தால் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருப்பார்.

மறுநாள் காலையில் தட்டை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தேன். முதலில் என் குழி. உருண்டைக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு இருந்தது. தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு அவள் குழியை நகர்த்தினேன். தேடவே வேண்டாம். உருண்டை முழுக்கச் சிவப்பு அப்பிக்கொண்டு ஜொலித்தது.

சைக்கிள், நீச்சல், பிள்ளை. இப்போது இதுவும்.

படத்தை எடுத்துச் சேமித்துவிட்டு அரை நாள் விடுப்புப் போட்டேன். கணவருக்கு வேறு ஊர்த் தலைமை அலுவலகத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. இந்த வீட்டை விட்டு எப்படிப் போவது என்று யோசித்து, வேண்டாமென்று சொல்ல இருந்தார். "போறோம்னு சொல்லிடுங்க. பிரசவம் முடிஞ்சதும் கிளம்பிடலாம்," என்றேன்.

"தங்கச்சி?"

"அவ இங்கயே இருக்கட்டும். அவளுக்கென்ன?"

"யோசிச்சுச் சொல்லு, அவங்க இன்னும் கொஞ்ச நாள் டைம் குடுத்திருக்காங்க," என்றார். யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. கீழே இறங்கிப் போனேன்.

தங்கை தன் மகளின் முன்முடியைச் சீராக வெட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் குழந்தையை விளையாட அனுப்பிவிட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். "உன்னோடதையும் என்னோடதையும் வெச்சுப் பார்த்துட்டேன்டி. உன் வயித்துல சுரக்கறது அப்படியே உள்ள போகுது. என்னோடது போகல. அதுக்கு உன்னைத்தான் தெரியும். உன் குரல்தான் தெரியும், உன் சிரிப்புதான் தெரியும். நாளைக்குப் பிறந்து வந்து என்னை யாரோ மாதிரி பார்க்கப் போகுது."

"என்னோடதா?" என்றாள் மெதுவாக. "என்னோடது உள்ள போச்சாக்கா?"

அவள் குரலில் இருந்தது பெருமை என்று எனக்குப் பட்டது. அது என்னை இன்னும் கிளறிவிட்டது.

"ஆமா, போச்சு. சந்தோஷமா இருக்கா? இனிமே அதுகிட்டப் பேசறது, பாடறது, டிரையரைப் போட்டு ஆட்டம் காட்டறது எல்லாத்தையும் நிறுத்திக்கோ. வாயை மூடிட்டு இரு. பிறந்ததும் நாங்க வேற ஊருக்குப் போயிடுவோம். நீ வந்து பார்க்க வேண்டாம்."

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் இன்னும் நாலு வார்த்தை சொல்லி, அழுது, எப்படியோ முடித்திருப்பேன். அவள் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். "சரிக்கா," என்றாள். அவ்வளவுதான்.

ரேடியோ நின்றுவிட்டது.

வீம்புக்கு ஒரு நாள் இருப்பாள் என்று நினைத்தேன். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. காலையில் கீழிருந்து வரும் பாட்டு இல்லை, மகளைக் கத்தி எழுப்பும் சத்தம் இல்லை. கடைக்கு வந்தவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சைகை காட்டினாளாம். வாயாடுவதற்காகவே வந்து முடி வெட்டிக்கொள்கிறவர்கள் உர்ரென்று உட்கார்ந்துவிட்டுப் போனார்களாம். மகள் படியேறி வந்து, "பெரியம்மா, அம்மாவுக்கு எப்ப சரியாகும்?" என்று கேட்டாள். அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் தங்கை தலையை மட்டும் ஆட்டினாள். திரையை என் பக்கம் திருப்பும்படி கையால் காட்டினாள். இந்த முறை கழுத்தை ஒடிக்காமல் பார்த்தேன். பிள்ளை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

கேட்டது கிடைத்தது. நிம்மதி மட்டும் வரவில்லை. பேசாமல் இருக்கவும் அவளால் முடிகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். அவளுக்காக என்னால் இப்படி ஒன்றை விட்டுக்கொடுக்க முடியுமா? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் வாராந்தரக் கூட்டம் வந்தது. என் முறை. காட்டுவதற்குக் கையில் வேறு எதுவும் இல்லை. அந்தப் படத்தைப் போட்டேன், எண்களோடு மட்டும். ஒரு பெண்ணின் பொட்டலம் நன்றாக உள்ளே போகிறது, இன்னொரு பெண்ணினுடையது போகவில்லை என்று குரல் நடுங்காமல் சொன்னேன். எல்லாரும் திரையையே பார்த்தார்கள். அவ்வளவு அழகான சிவப்பு.

"அருமையா இருக்கு மேடம்," என்றார் சந்தேகம். "வெறும் சாயம் எங்கே?"

யாராவது கோரஸ் பாடுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் பாடவில்லை. அந்தக் குழியை நான் போடவே இல்லை.

அந்தச் சாயத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சில நேரம் பொட்டலத்தில் ஏறாமல் தானே திரண்டு, பொட்டலம் அளவுக்குத் துகள் துகளாக நிற்கும். பழைய குப்பியின் அடியில் இருப்பது என்றால் கேட்கவே வேண்டாம். செல்களுக்கு வித்தியாசம் தெரியாது, அதையும் விழுங்கிவைக்கும். அதனால்தான் ஒவ்வொரு தட்டிலும் ஒரு குழியில் பொட்டலமே இல்லாமல் வெறும் சாயத்தை மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் குழியும் சிவந்தால் மற்றவற்றை நம்பக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பவள் நான். சொல்லிக் கொடுத்ததை மறந்த ஒருத்தியை அழவைத்தும் இருக்கிறேன்.

சந்தேகம் என்னைக் கூட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் மேஜைக்கு வந்து, "ரெண்டுக்கும் ஒரே குப்பியா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப மறுபடியும் போட்டுடலாம். நான் எண்களை மறைச்சுடறேன்," என்றார்.

குழாய்களில் மிச்சம் இருந்ததை வைத்து மறுபடியும் செய்தோம். ஒரே புதுச் சாயம், அதையும் சுத்தமாகக் கழுவினோம். ஓரத்தில் ஒரு குழியில் புதுச் சாயம் மட்டும். இன்னொரு குழியில், குப்பைக்குப் போகாமல் கிடந்த பழைய குப்பியைக் கழுவி எடுத்த சாயம் மட்டும். அந்தக் குழி ஜொலித்தது. என் தங்கையின் உருண்டை எப்படி ஜொலித்ததோ அப்படியே. புதுச் சாயம் மட்டும் விட்ட குழி இருட்டாக இருந்தது. எண் மறைத்த இரண்டு குழிகளிலும், அன்று என் குழியில் தெரிந்தது போலவே, அளவான சிவப்பு தெரிந்தது. ஒழுங்காக விழுங்கினால் அவ்வளவுதான் தெரியும். மாற்றி மாற்றிப் பார்த்தேன். எது அவளுடையது, எது என்னுடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"ரெண்டும் போகுது மேடம். ரெண்டும் நல்லாவே போகுது," என்றார் சந்தேகம். அவர் எதையும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அன்று மதியமே தங்கையின் கடைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வந்தது, சிரித்தேன். இத்தனை நாளும் ஒரு குப்பியின் அடிவண்டலைப் பார்த்தா வயிறு எரிந்தேன்! பாதி வழியில் ஒரு முடிவுக்கும் வந்துவிட்டேன். பார்த்ததெல்லாம் வெறும் சாயம் என்று அவளிடம் சொல்வேன், திட்டியதற்கு மன்னிப்பும் கேட்பேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். மறுபடி செய்ததில் தெரிந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அது எனக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும். ஓவன் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள், ஓவனாகவே இருக்கட்டும்.

கடையில் யாரும் இல்லை. அவள் தரையில் விழுந்த முடியைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள், குனிய முடியாத வயிறு. என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். துணியைப் போர்த்தினாள். கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அது தப்பாப் போச்சுடி," என்றேன். "நான் அன்னிக்குப் பார்த்த சிவப்பு பொட்டலமே இல்ல. சாயம் தானா திரண்டு உள்ள போயிருக்கு. வெறும் சாயம். உன்னை ஏதேதோ பேசிட்டேன். மன்னிச்சுக்கோ."

மன்னிப்பை அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சீப்பு என் தலையில் பாதியில் நின்றது.

"அப்ப என்னோடது எதுவும் உள்ள போகலையா?"

நாள் கணக்காகப் பேசாத குரல், கம்மிப்போய் வந்தது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லாம் சுலபமாகக் கிடைத்தவளுக்கு அப்படி ஒரு முகம் தேவைப்பட்டதே இல்லை.

"நீ அன்னிக்கு வந்து கத்தினே பாரு, எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுக்கா," என்றாள். "வெளிய காட்டிக்கல. எல்லார்கிட்டயும் ஓவன், ஓவன்னு நானேதான் சொல்றேன். நான் முந்திச் சொல்லிட்டா வேற யாரும் சொல்ல மாட்டாங்கல்ல? பிறந்ததும் நீ தூக்கிட்டுப் போயிடுவே. போ, உன் பிள்ளை, நான் கேக்கவே மாட்டேன். ஆனா என்னோடது ஏதோ ஒண்ணு அதுக்குள்ள போயிருக்குன்னு நீயே சொன்னியா, நீ படிச்சவ, பார்த்துட்டு வந்து சொல்றே. அப்ப அது எந்த ஊருக்குப் போனா என்னன்னு இருந்தேன். வாயை மூடிட்டு இருக்கறதுகூடக் கஷ்டமாத் தெரியல." சீப்பை எடுத்துத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றுமில்லை. "பரவால்லக்கா. சாயம்னா சாயம்."

பேசாமல் எழுந்து வந்துவிடலாம். அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. சந்தேகம் இந்தக் கடைக்கு முடி வெட்ட வரமாட்டார், அவருக்கு முடியே கிடையாது. இவ்வளவு நாள் நான் கேட்டது இதைத்தானே? பிள்ளை முழுக்க என்னுடையது என்று அவளே நம்பிவிட்டாள். கையை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம்.

"போகுது," என்றேன்.

"என்ன?"

"சாயத்தைக் கழுவிட்டு மறுபடியும் பார்த்தோம். உன்னோடது போகுது. நல்லாவே போகுது." ஒவ்வொரு வார்த்தையையும் பல்லைப் பிடுங்குவது போலப் பிடுங்கிக் கொடுத்தேன். "அதுக்கு முதல்ல சாப்பாடு போட்டது நீதான்டி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியாக, "உன்னோடது?" என்று கேட்டாள்.

"என்னோடதும்தான் போகுது. என்னோடது தட்டுல இருந்த உருண்டைக்குள்ள போச்சு. உன்னோடது பிள்ளைக்குள்ள போச்சு."

"உனக்குப் பொறாமையா இருக்காக்கா?"

"ரொம்ப."

"எனக்கும்தான்."

"உனக்கென்னடி?"

"அது அம்மான்னு உன்னைத்தானே கூப்பிடும்."

அவள் முன்னால் வந்து, கண்ணாடிக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். வயிறு என் முகத்துக்கு நேரே இருந்தது.

"வேற ஊருக்கெல்லாம் போகல," என்றேன் அந்த வயிற்றைப் பார்த்து. "அவர்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்."

அவள் என் கையைத் துணிக்குள்ளிருந்து இழுத்தெடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"பேசட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

இப்படி ஒரு அனுமதியை என் தங்கை யாரிடமும் கேட்டதில்லை. என்னிடம் கேட்டாள்.

"பேசு."

"ஏய்," என்றாள் அவள் வயிற்றைப் பார்த்து. "தூங்கிட்டியா? உங்கம்மா வந்திருக்கா. இத்தனை நாளா நான் ஏன் பேசலைன்னு கேளு, பெரிய கதை..." அவ்வளவுதான், ரேடியோ ஆரம்பித்துவிட்டது. சாயத்தைச் சொன்னாள், டாக்டரின் களிம்பைச் சொன்னாள், உர்ரென்று உட்கார்ந்திருந்துவிட்டுப் போன அம்மாள்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டினாள். இரண்டாவது அம்மாளுக்கு வரும் முன்பே என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு உதை. பிறகு இன்னொன்று. நாட்கணக்காகக் காத்திருந்தது போல விடாமல் உதைத்தது. எல்லாம் அவள் குரலுக்குத்தான். எனக்கு வயிறு எரிந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.